மீட்டர் சக்கரம் நிற்கிறதா?

போன மாதம் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் போயிருந்தேன். 2007-இல் பெயர் மாறினாலும் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயத்தை விட்டு வந்த பாட்டி ஒருவர் கூப்பிட்டிருந்தார்.

“தம்பி, நானும் பேத்தியும் ரெண்டே பேரு. தண்ணி பில்லு பத்துப் பேரு வீடு மாதிரி வருது. மீட்டரு கெட்டுப்போச்சு போல.”

எல்லாரும் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். இருபது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறேன். மீட்டர் தவறாக ஓடிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூரைத் தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து, எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மீட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் எங்கோ கசிகிறது. தொட்டி நிரம்பாமல் பார்த்தால் சக்கரம் எப்படியும் சுற்றும். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

கேசரிக்குப் போடும் கலர்த்தூளைக் கழிவறை டேங்கில் கொஞ்சம் கரைத்துவிட்டு, பாட்டி போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தேன். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், யாரும் ஃபிளஷ் இழுக்காமலே கோப்பைக்குள் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தது. அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். சில ரிங்கிட் சாமான். சொட்டும் குழாயாவது கண்ணில் படும், காதில் விழும். இந்தக் கசிவு சத்தமே காட்டாமல் ராத்திரி பகலாக ஓடும்.

பில்லைத் தொகைக்காக மட்டும் பார்க்காதீர்கள். அதில் கன மீட்டர் என்று ஓர் எண் இருக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 5 பேர் உள்ள வீட்டில் மாதம் 20 கன மீட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 133 லிட்டர். பாட்டி வீட்டில் 2 பேருக்கு 38 கன மீட்டர் ஓடியிருந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு 630 லிட்டருக்கும் மேல்.

வீதியிலும் இதே கதைதான். மலேசியாவில் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை. திருட்டு, மீட்டர் கோளாறு என்று காரணங்கள் உண்டு. பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. எங்காவது சாலையோரம் வெயில் காலத்திலும் ஈரமாக இருந்தால், கடந்துபோகாமல் உடனே புகார் கொடுங்கள்.

சிலாங்கூர் ஆறு நம் ஊர் வழியாக ஓடுகிறது. கோலாலம்பூர் வட்டாரம் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றுத் தண்ணீர். அப்படியிருந்தும் 2020 செப்டம்பரில் நாம் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றோம். ராவாங் பக்கம் ஆற்றில் கரைப்பான் (தின்னர் போன்ற திரவம்) கலந்ததால் 4 சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்ணீர் பில் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. படிகாரம் சேற்றைப் படியவைக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். கரைப்பான் வாடையை இரண்டும் போக்காது. நிலையத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டு வேலைக்குப் போகும் இடங்களில் தின்னரையும் வண்டியின் கறுப்பு எண்ணெயையும் பின்கால்வாயில் ஊற்றுவதை நான் இன்னும் பார்க்கிறேன். செம்பனைக்கு மருந்தடித்த டிரம்மை அங்கேயே கழுவுகிறார்கள். அந்தக் கால்வாய் போய்ச் சேருவது ஆற்றில்தான். ஊரைச் சுற்றி, வெள்ளீயம் தோண்டிவிட்ட பழைய ஈயக்குட்டைகளிலும் குப்பை கொட்டுகிறார்கள். 2014-இல் மழையில்லாமல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்ததே, அப்போதிருந்து வறட்சிக் காலத்தில் ஆற்றுக்கு நீர் சேர்க்க இந்தக் குட்டைகள் பயன்படுகின்றன. குட்டையில் போடுவது நம் குழாய்க்கே திரும்பலாம்.

அப்புறம் மழை. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 1,800 லிட்டர். சரி, எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ஒரு டிரம் அளவுக்காவது பிடிக்கலாமே. கூரைத் தூசியோடு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். டிரம்மின் வாயில் கொசுவலை இறுக்கமாக இருக்கட்டும், டெங்கி பயம் இருக்கிறது. செடிக்கும், தரை கழுவவும், கழிவறைக்கும் போதும், குடிக்க வேண்டாம்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டி எழுந்துவிட்டார். “லயத்துல தகரக் கூரைக்குக் கீழே டிரம்மு வைக்காத வீடு ஏதுப்பா?” என்று கேட்டுக்கொண்டே, கொல்லையில் கவிழ்த்துக் கிடந்த நீல டிரம்மைக் காட்டினார். அன்று சாயங்காலமே கூரைக் குழாயை அதற்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.