சோதிக்கச் சோதிக்க வளரும் சந்தேகம்

இலங்கை மலையகத்து மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மாசியில் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டினாராம். லயத்துப் பையன்கள் கேலி பண்ணினார்கள். அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்றிரவு, ‘நான் உள்ளுக்குள்ளே பெண்தானோ?’ என்றொரு நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு, ‘ஆம்பளைகள் மேல் ஆசை இருக்குமோ?’ என்று கிளை விட்டது. இப்போது பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு என்ன செய்கிறது என்று கவனிக்கிறார். கண்ணாடியில் நடையைப் பார்க்கிறார். “அண்ணே, நிச்சயமாத் தெரிஞ்சுக்கிறது எப்படி?” என்பது கேள்வி.

கடிதத்தைப் பார்த்து நோய் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தச் சுழலுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: ஓசிடி (OCD), வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைத் தீர்க்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் மட்டுமல்ல அது. பாலீர்ப்பு, பாலினம் பற்றிய சந்தேகமும் அதற்குத் தீனியாகும். தன்பாலீர்ப்போ திருநராக இருப்பதோ நோய் அல்ல. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஓயாமல் சோதிப்பதுதான் இங்கே நோய். தன்பாலீர்ப்புள்ளவருக்கே ‘நான் அப்படி இல்லையோ’ என்ற ஓசிடி வருவதுண்டு.

வேண்டாத நினைப்பு யாருக்கு வராது? ராக்மன் என்ற உளவியலாளரும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களிலேயே ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அப்படிப்பட்ட நினைப்புகள் வருவதாகச் சொன்னார்கள். பெரும்பாலானோர் அதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். சிலர் சோதிக்க உட்கார்கிறார்கள்.

அந்தச் சோதனை என்ன செய்கிறது என்பதற்கு நெதர்லாந்தில் ஓர் அழகான பரிசோதனை நடந்தது, 2003இல் வெளியானது. வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவரும் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டினார்கள். ஒரு கூட்டம் அதன் திருகுகளைத் திருப்பி, மூடி, சரிபார்த்து, அதையே 20 தடவை செய்தது. இன்னொரு கூட்டம் அதே அளவு நேரம் மின்குமிழ்களைச் சரிபார்த்தது. கடைசியாக இரண்டு கூட்டமும் அடுப்பைச் சரிபார்த்தன. எந்தத் திருகுகளை மூடினீர்கள் என்று கேட்டால் இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்குச் சரியாகச் சொன்னது. ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நினைவு மங்கியிருந்தது. அதன் மேல் நம்பிக்கையும் சரிந்திருந்தது. நினைவாற்றல் கெடவில்லை, நம்பிக்கைதான் போயிற்று! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை. திரும்பத் திரும்பச் செய்தது பழகிப்போகிறது. பழகியதை மூளை நுணுக்கமாகப் பதிவதில்லை. மங்கலாக இருப்பதால் ‘பார்த்தேனா?’ என்று தோன்றுகிறது, மறுபடி பார்க்கிறோம். சந்தேகம் தீரவென்று செய்வதே சந்தேகத்தை உண்டாக்குகிறது.

அடுப்புக்காவது திருகு இருக்கிறது. ஆசைக்கு? இப்போதே உங்கள் விரல் நுனியைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள், ஏதோ குறுகுறுக்கும். உடம்பின் எந்த இடத்தைக் காவல் காத்தாலும் அங்கே ஓர் உணர்ச்சி தட்டுப்படும். பயத்தில் நெஞ்சும் படபடக்கும். பஸ்ஸில் தம்பி இதைத்தான் ‘ஆசை’ என்று வாசிக்கிறார்.

“உனக்கு ஒண்ணுமில்லடா” என்று அம்மா சொல்வது, இணையத்தில் ‘நீங்கள் யார்?’ வினாடிவினா, கோயிலில் குறி கேட்டு நூல் கட்டுவது, எல்லாம் அதே திருகைத் திருப்புவதுதான். கொஞ்ச நேரம் ஆறுதல், பிறகு பழையபடி. பேயோட்டினால் பயம் இன்னும் கூடும். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் ஆராயத் தலவாக்கலையில் ஒரு நிலையமே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளையின் மனதுக்கு அதில் கால்வாசி அக்கறையாவது காட்டலாம் என்பது என் கட்சி.

சிகிச்சை இதற்கு நேர் எதிர்: கேள்வியை வரவிட்டு, சோதிக்காமல், ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று பதட்டத்தோடு உட்காரப் பழக்குவது. லண்டனில் விக்டர் மேயர் 1966இல் தொடங்கிவைத்த வழி. தேவைப்பட்டால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மாத்திரைகளும் உண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், இடையில் நிறுத்தக்கூடாது. தம்பி முதலில் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. டாக்டரிடம் ‘நான் யார்?’ என்று கேட்க வேண்டாம். ஒரு நாளில் எத்தனை மணிநேரம் சோதிப்பதில் போகிறது என்று சொன்னால் போதும்.