புரூட்டலிசம்: முரட்டுக் கட்டடமா, பூசாக் கட்டடமா?

'புரூட்டலிசம்' என்ற கட்டடக்கலைப் பாணியின் பெயரைக் கேட்டதும், ஆங்கில 'புரூட்டல்' நினைவுக்கு வந்து, 'முரட்டுக் கட்டடக்கலை' என்று தமிழாக்கத்தான் கை போகும். ஆனால் இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தது முரட்டுத்தனம் அல்ல, 'பெத்தோன் ப்ரூட்' என்ற பிரெஞ்சுத் தொடர். பெத்தோன் என்றால் கான்கிரீட். ப்ரூட் என்றால் மேல்வேலை எதுவும் செய்யாமல் விட்டது.

கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே பிரான்சின் மார்செய் நகரில் 337 வீடுகள் கொண்ட குடியிருப்பை 1952-இல் கட்டி முடித்தார். போருக்குப் பிந்தைய பஞ்சகாலம் அது. எஃகு கிடைப்பது கஷ்டம். கான்கிரீட்டில் கட்டினார்கள், வேலை நேர்த்தியாக வரவில்லை. பூசி மறைத்திருக்கலாம். அவர் அப்படியே விட்டார். நம்மூரில் சென்ட்ரிங் பிரித்த அன்று தூணைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது புரியும்: பலகையின் ரேகை, மரக்கணுவின் வட்டம், இரண்டு பலகை சேர்ந்த இடத்தில் பிதுங்கிய கோடு. மறுநாள் கொத்தனார் பூச்சு வேலையில் மூடிவிடுவார். மார்செயில் அந்த ரேகைதான் சுவரின் முகம். சண்டிகரிலும் அவர் அதையே செய்தார்.

சரி, '-இசம்' எங்கிருந்து வந்தது? 1950-இல் சுவீடன் கட்டடக்கலைஞர் ஹான்ஸ் அஸ்ப்லுண்ட், உப்சாலாவில் கட்டவிருந்த ஒரு செங்கல் வீட்டின் வரைபடத்தைப் பார்த்து 'நீபுரூட்டலிசம்' (புதிய புரூட்டலிசம்) என்று கேலியாகச் சொன்னார். அதை இங்கிலாந்தில் கட்டடக்கலைஞர்களான அலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதியர் தங்கள் கொள்கைப் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். 1955-இல் விமர்சகர் ரெய்னர் பன்ஹாம் எழுதிய கட்டுரை அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. கட்டிய பொருளை ஒளிக்காதே என்பதே அவர்கள் கொள்கை.

ஆகவே 'பூசாக் கட்டடக்கலை' என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். செல்லாக்காசு, வாடாமல்லி மாதிரி தமிழ் காதுக்குப் பழகிய அமைப்பு. கொத்தனாருக்கும் சொன்னவுடன் விளங்கும். பெத்தோன் ப்ரூட்டுக்குப் 'பூசாக் கான்கிரீட்'.

பெயரில் என்ன இருக்கிறது என்று விடமுடியவில்லை. முரட்டுக் கட்டடம் என்று பெயர் விழுந்தால் அதைக் காப்பாற்ற யாருக்குத் தோன்றும்? ஸ்மித்சன் தம்பதியர் லண்டனில் கட்டிய ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்பை 2017-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் ஒரு துண்டை மட்டும் அங்குள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் எடுத்து வைத்திருக்கிறது.