குரல்வளையின் முதல் வேலை

குரல்வளை பேசுவதற்காகத் தோன்றியதல்ல. நீரில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிக்கும் நுரையீரல் மீன்களுக்கு நம்மைப் போன்ற குரல் கிடையாது. ஆனாலும் அவற்றின் தொண்டைத் தரையில் ஒரு சிறு பிளவும், அதை இறுக்கி மூடும் தசையும் உண்டு. நுரையீரலுக்குப் போகும் வழியில் தண்ணீர் புகாமல் காப்பதே அந்தத் தசையின் வேலை. நம் கழுத்தில் இருப்பதும் முதலில் ஒரு காவல்தான். பேச்சு பின்னால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மாணவர்களை மனப்பாடம் செய்யவைக்கும் குருத்தெலும்புப் பெயர்கள்கூட அர்த்தத்தோடு நினைவில் நிற்கும்.

காவல் ஏன் தேவைப்பட்டது? நம் உடலின் வழித்தட அமைப்பே அப்படி. மூக்குக்குழி மேலே, வாய் அதற்குக் கீழே. கழுத்துக்கு வந்தால் மூச்சுக்குழல் முன்பக்கம், உணவுக்குழல் பின்பக்கம். மேலிருந்து வரும் காற்று முன்னே போகவேண்டும், கீழிருந்து வரும் உணவு பின்னே போகவேண்டும். இரண்டும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக் கடந்தே ஆகவேண்டும். அந்த இடம்தான் தொண்டை. மண்டையோட்டின் அடியில் தொடங்கிக் குரல்வளையின் பின்புறம்வரை இறங்கும், சுமார் 12 முதல் 14 செ.மீ. நீளமுள்ள தசைக் குழாய் அது.

கழுத்தின் முன்பக்க மேட்டில் ஒரு விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். மேடு சட்டென்று மேலேறி இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் நடப்பவை பல. வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மென்னண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. மூச்சு நின்றுவிடுகிறது. குரல்வளை முழுவதுமாக மேலும் முன்னுமாக நகர்ந்து நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. இலை வடிவக் குரல்வளை மூடி பின்னால் சாய்ந்து வாசலை மறைக்கிறது. அதற்கும் கீழே இரண்டு ஜோடி மடிப்புகள் நெருங்கி வழியை அடைக்கின்றன. பள்ளிப் பாடங்கள் மூடிக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிடுகின்றன. ஆனால் புற்றுநோய்க்காக மூடியை அகற்றிக்கொண்டவர்களில் பலர், பயிற்சிக்குப் பின் மறுபடியும் வாயால் சாப்பிடுகிறார்கள். கீழே இருக்கும் மடிப்புகள் அத்தனை திறமையான காவலர்கள்.

அந்த மடிப்புகளில் கீழ் ஜோடியைத்தான் குரல் நாண்கள் என்கிறோம். சாப்பிடும்போது பேசினால் புரையேறுவது இதனால்தான்: பேசுவதற்கு நாண்களுக்கிடையே காற்று போயாகவேண்டும், விழுங்குவதற்கு அவை அடைபட்டாகவேண்டும். ஏதாவது ஒரு பருக்கை தவறிப் போனாலும் அதே நாண்கள்தான் காப்பாற்றுகின்றன. அவை இறுக மூடிக்கொள்ள, அடியில் காற்றழுத்தம் ஏறுகிறது. திடீரெனத் திறக்க, காற்று சீறி வெளியேறுகிறது. அதுதான் இருமல். பாரமான பொருளைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கிறோமே, அப்போதும் இந்த நாண்களே மூடிக்கொண்டு மார்புக்கூட்டை விறைப்பாக நிறுத்துகின்றன.

இனி எலும்புக்கூட்டைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் மேலே ஹையாய்டு எலும்பு, வேறெந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளிலும் நார்களிலும் தொங்குகிறது. அதிலிருந்து குரல்வளை தொங்குகிறது. விழுங்கும்போது அவ்வளவு தூரம் ஏறி இறங்க முடிவது இந்தத் தொங்கலால்தான். குரல்வளையின் குருத்தெலும்புகள் மொத்தம் ஒன்பது. விரலுக்குத் தட்டுப்படுவது தைராய்டு குருத்தெலும்பு. அதன் இரு தகடுகளும் முன்னால் சேரும் கோணம் ஆண்களுக்குச் சுமார் 90 பாகை, பெண்களுக்குச் சுமார் 120 பாகை. கோணம் குறுகினால் மேடு துருத்திக்கொண்டு தெரியும். கீழே கிரிக்காய்டு, மூச்சுப்பாதையில் முழு வளையமாக இருக்கும் குருத்தெலும்பு இது ஒன்றுதான்.

கிரிக்காய்டின் பின்பக்க மேல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறு அரிட்டினாய்டு குருத்தெலும்புகளைத்தான் நான் இந்த அமைப்பின் நாயகர்கள் என்பேன். நாண்களின் பின்முனைகள் இவற்றோடு இணைந்திருக்கின்றன. இவை உட்பக்கம் திரும்பினால் நாண்கள் சேர்கின்றன, வெளிப்பக்கம் திரும்பினால் விலகுகின்றன. சேர்ப்பதற்குப் பல தசைகள் இருக்க, விலக்குவதற்கு இருப்பது பக்கத்துக்கு ஒரே ஒரு தசை. மூடுவதற்கே இந்த உறுப்பு முன்னுரிமை கொடுத்திருக்கிறது.

அப்படியானால் குரல்? இறுக மூடும் ஓர் உறுப்பை மென்மையாக மூடினால் கிடைப்பதே அது. நாண்கள் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, கீழிருந்து காற்று அழுத்துகிறது. சாதாரணப் பேச்சுக்கு 5 முதல் 10 செ.மீ. உயர நீரின் அழுத்தம் போதும். முதலில் கீழ் விளிம்புகள் விலகுகின்றன, பிறகு மேல் விளிம்புகள். காற்று வெளியேறியதும், நாண்களின் மீள்தன்மையும் குறைந்த அழுத்தமும் சேர்ந்து கீழ் விளிம்புகளை முதலில் ஒட்டவைக்கின்றன. மறுபடி அழுத்தம், மறுபடி விலகல். உதடுகளை ஒட்டவைத்து 'பர்ர்ர்' என்று ஊதும்போது நடப்பதும் இதேதான். பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் இது நிகழ்கிறது. பிறந்த குழந்தையின் அழுகையில் 400-ஐத் தாண்டும்.

ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக நரம்புத் துடிப்பு அனுப்புகிறது என்று 1950 வாக்கில் பிரான்சில் ரவுல் யூசோன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். ஆனால் நரம்பும் தசையும் அத்தனை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. 1958-இல் நெதர்லாந்து ஆய்வாளர் யான்வில்லம் வான் டென் பெர்க் முன்வைத்த விளக்கம்தான் நிலைத்தது: தசைகள் நாண்களைச் சேர்த்துப் பதத்தில் நிறுத்துகின்றன, அதிரவைப்பது காற்று.

நாணின் உள்ளமைப்பு எனக்கு அலுக்காத வியப்பு. ஆண்களுக்கு 17 முதல் 25 மி.மீ., பெண்களுக்கு 12 முதல் 17 மி.மீ. நீளமுள்ள அந்த மடிப்பில் மேலே மெல்லிய தோல் அடுக்கு, அதன்கீழ் கூழ் போன்ற தளர்வான அடுக்கு, பிறகு மீள் நார்கள், அடியில் தசை. அடியிலுள்ள தசை ஓர் உடல்போல விறைத்து நிற்க, மேலடுக்குகள் அதன்மேல் ஒரு போர்வைபோலத் தளர்ந்து அலைபாய்கின்றன என்று 1970-களில் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ விளக்கினார். சளி பிடித்து அந்தப் போர்வை வீங்கும்போது அலை தடுமாறும், தொண்டை கட்டும். ஓயாமல் கத்தினால் நாண்கள் மோதும் இடத்தில் முண்டுகள் வரும். புகைப்பவர்களுக்குக் கூழ் அடுக்கு ஊதி, குரல் தடித்துப்போகலாம். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

சுருதி ஏற வேண்டுமானால் நாண்கள் நீண்டு விறைக்க வேண்டும். தைராய்டு, கிரிக்காய்டு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்க்கும் தசை இதைச் செய்கிறது. ஆனால் நாண்களில் பிறப்பது வெறும் ரீங்காரம். அதை 'ஆ' ஆகவும் 'ஈ' ஆகவும் மாற்றுவது மேலே இருக்கும் தொண்டையும் வாயும். கழுத்தில் விரல் வைத்துப் 'பாம்பு' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வெடிக்கும்போது அதிர்வு இல்லை. 'ம்பு' என்னும்போது அதிர்வு இருக்கிறது. ஒரே எழுத்தின் இரு ஒலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை நாண்கள் உண்டாக்குகின்றன. கிசுகிசுத்தால் அதிர்வே வராது.

குரல்வளைத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்கும் நரம்பு நேராக வருவதில்லை. இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. அதனால் மார்புக்குள் இருக்கும் ஒரு கட்டிகூடக் குரல் கம்மலாக முதலில் வெளிப்படலாம். தைராய்டு சுரப்பி அறுவை சிகிச்சையில் மருத்துவர்கள் இந்த நரம்பைக் கண்ணும் கருத்துமாகத் தேடிக் காப்பதும் குரல் கெடாமல் இருக்கவே.

புற்றுநோயால் குரல்வளையை முழுவதும் எடுக்க நேர்ந்தால், மூச்சுக்குழலைக் கழுத்தின் முன்பக்கத் துளையோடு இணைத்துவிடுகிறார்கள். அதன்பின் காற்று அந்தத் துளை வழியாகவும் உணவு வாய் வழியாகவும் தனித்தனியே போகும். பேச்சு போய்விடுவதில்லை. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு வால்வு பொருத்தி, துளையை விரலால் மூடிக் காற்றைத் திருப்பினால், உணவுக்குழலின் மேற்பகுதிச் சுவர் அதிரும். நாக்கும் உதடும் அதைச் சொற்களாக்கும். குரல் கரகரப்பாக இருந்தாலும் சொல் புரியும். அதிர்வதற்கு இன்னொரு சதை கிடைத்துவிடுகிறது. காவலுக்குத்தான் மாற்று இல்லை. அதனால்தான் இரண்டு வழிகளையும் நிரந்தரமாகப் பிரிக்கவேண்டியிருக்கிறது.