பள்ளி மேலாண்மைக் குழு: தலைவர் இடம் அம்மாவுக்கு

அரசுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றாலே பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு வேறு. இது சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, இதைச் சொல்கிறது: உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும்.

தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2022இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர், தலைவர் பெண் பெற்றோர் என்று வைத்தார்கள். தலைமை ஆசிரியர் இதில் கூட்டுநர்தான், தலைவர் அல்ல. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். உறுப்பினர் காலம் 2 ஆண்டு.

சரி, தலைவரான அம்மாவுக்கு என்ன வேலை? கூட்டத்தில் உட்கார்ந்து, நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போடுவதா? பல ஊர்களில் நடப்பது அதுதான். "சார் சொன்னாங்க, போட்டேன்" என்பார்கள். ஊராட்சித் தலைவி சார்பில் அவர் கணவர் பேசுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதும் இல்லை.

ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. ஆகவே வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது தலைமை ஆசிரியரைச் சந்தேகப்படுவது ஆகாது. அப்படிக் கேட்கத்தான் அந்தப் பதவி. தீர்மானத்தை எழுதி முடித்த பிறகு படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

அதைவிடப் பெரிய வேலை பள்ளி மேம்பாட்டுத் திட்டம். பிரிவு 22இன்படி குழுதான் இதைத் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சியும் பள்ளிக்குத் திட்டமிடுவதற்கும் நிதி ஒதுக்குவதற்கும் இதுவே அடிப்படை. பெண்கள் தலைமையில் இருப்பது ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, அதனால் மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பது வீட்டில் அம்மாவிடம்தான் வரும். அந்தத் தகவல் திட்டத்தில் ஏறினால்தான் அதற்குப் பணம் கேட்க முடியும்.

நூறு நாள் வேலைக்கோ கூலிக்கோ போகிறவர்கள் கூட்ட நேரத்துக்கு வர முடியாவிட்டால், நேரத்தை மாற்றும்படி கூட்டத்திலேயே கேளுங்கள். அப்புறம் ஒன்று: பிள்ளை அந்தப் பள்ளியை விட்டுப் போனதும் பெற்றோர் என்ற முறையில் கிடைத்த இடமும் போய்விடும். எட்டாம் வகுப்போடு முடிகிற பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவைத் தலைவராக்கினால் அடுத்த ஆண்டே மறுபடி ஆள் தேட வேண்டியிருக்கும்.