வளவு மரத்தடியில் மணல் ஈ

காது மடலில் எட்டு மாதப் புண்ணோடு இன்னொருவர் கிளினிக்குக்கு வந்துவிட்டார். "வலியும் இல்லை, கடியும் இல்லை டொக்டர், அதுதான் பேசாமல் விட்டேன்" என்கிறார். பேசாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்மசியில் கேட்டு வாங்கிய களிம்புகளைப் பூசி, அது சரிவராமல் சுண்ணாம்பு வைத்துச் சுட்டு, கடைசியில் மடலின் விளிம்பே அரித்துப்போன பிறகுதான் வருகிறார். புண்ணில் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் லீஷ்மானியா ஒட்டுண்ணி. அது உண்டாக்கும் இந்தத் தோல் நோய்க்குப் பெயர் லீஷ்மானியாசிஸ். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். 2008இலிருந்து இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். வவுனியா, முல்லைத்தீவு, அநுராதபுரம், பொலன்னறுவை, தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறை என்று இத்தனை இடங்களில் இது பரவியிருந்தும் நம் சனத்துக்கு இதன் பெயரே தெரியாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதைப் பரப்புவது மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும், நுளம்பைவிட மிகச் சிறியது, காதருகே வந்தாலும் சத்தம் கேட்காது.

சொன்னவுடன் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எங்கட வளவில் தண்ணீரே தேங்காது டொக்டர், சிரட்டை, டயர் ஒன்றும் இல்லை." டெங்குவுக்கு அது சரியான வேலை, தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தொட்டியை மூடினாலும், பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தாலும், கானைத் துப்புரவாக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு வேண்டியது நிழலும் ஈரப்பதமும் மக்கிய குப்பையும்தான். புளியமரத்துக்கும் மாமரத்துக்கும் கீழே கிடந்து ஊறும் சருகு, மரப்பொந்து, கறையான் புற்று, மாட்டுக்கொட்டிலில் சாணி ஊறிய மண், மண்சுவரில் விழுந்த வெடிப்பு, இவைதான் அதன் இருப்பிடம். புழு அந்த மக்கலைத் தின்று வளரும், வளர்ந்த ஈ பகலெல்லாம் அங்கேயே ஒதுங்கியிருந்து பொழுதுபட்டதும் இரத்தம் தேடி வெளியே வரும். நன்றாகப் பறக்கவும் தெரியாது, தத்தித் தத்தித்தான் போகும். ஆகவே உங்கள் விறாந்தையில் கடித்த ஈயைத் தேடிக் குளக்கரைக்குப் போக வேண்டாம், உங்கள் வளவையோ பக்கத்து வளவையோ பாருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு மரத்தை வெட்டவா என்கிறார்கள். வேண்டாம்! மரத்தடியைக் கூட்டுங்கள், போதும். கூட்டிய சருகை வீட்டுச் சுவரோரம் குவிக்காதீர்கள். கைக்கெட்டும் பொந்துகளை மண்ணால் அடையுங்கள், சுவர் வெடிப்பைப் பூசுங்கள், மாட்டுக்கொட்டிலைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் இந்த ஈ நுழைந்துவிடும், மருந்து ஊட்டிய வலை அல்லது கண் மிகச் சிறிய வலை வேண்டும். மின்விசிறிக் காற்றில் அதனால் பறக்க முடியாது, இருந்தால் போட்டுக்கொண்டு படுங்கள். சேனைக் காவலுக்குப் போகிறவர்கள், மாலையில் மரத்தடியில் மேலங்கி இல்லாமல் உட்கார்ந்து பேசுகிறவர்கள், தயவுசெய்து கை கால் மூடுங்கள்.

முகம், காது, கை, கால் என்று வெளியே தெரிகிற இடத்தில் ஒரு பரு வந்து, வலிக்காமல், சில வாரமாகியும் ஆறாமல் மெல்லப் பெருத்தால் உடனே வாருங்கள். புதுப் புண்ணில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடிப்பது எங்களுக்கும் சுலபம். புண்ணைச் சுற்றி ஊசி போடுவோம், அல்லது திரவ நைதரசனால் உறைய வைப்போம். ஊசி வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். பல வாரம் திரும்பத் திரும்ப வர வேண்டும். இரண்டு ஊசியோடு காணாமல் போகிறவர்கள்தான் பெரிய புண்ணோடு திரும்பி வருகிறார்கள். இதே இன ஒட்டுண்ணிதான் இந்தியாவில் பீகார்ப் பக்கம் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கிக் காலா அசார் என்னும் நோயாகிறது. இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது, ஆனாலும் உள்ளுறுப்பைத் தாக்கியவர்கள் சிலர் இங்கும் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம், இது தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை. கன்னத்தில் புண் வந்த பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் கொடுத்து ஒதுக்கி வைத்த வீட்டை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள், பக்கத்தில் படுக்க விடுங்கள், ஒன்றும் ஆகாது. கிளினிக்குக்கு வரும்போது இதுவரை பூசிய களிம்புக் குழாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஸ்டீராய்டு பூசியிருந்தால் புண்ணின் தோற்றமே மாறியிருக்கும், அது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.