சொல் விளக்கம்: சீரோ சர்வே

ஒரு நோய் ஊரில் எத்தனை பேருக்கு வந்துபோனது என்று ரத்தத்தைச் சோதித்துக் கணக்கெடுப்பதுதான் சீரோ சர்வே. கொரோனா காலத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட சொல் இது. முதுமலை, மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு நோயின் பேச்சிலும் இது தேவைப்படும்: குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட ரத்தக்கசிவுக் காய்ச்சல். உண்ணி கடித்துத் தொற்றுவது. 2012-13இல் பந்திப்பூரை ஒட்டிய ஊர்களில் மனிதர்களுக்கு வந்தது. நீலகிரியில் செத்துக் கிடந்த குரங்குகளிலும் அந்த வைரஸ் இருந்தது.

‘சீரோ’ வந்தது ‘சீரம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பால் திரிந்தபின் பிரிந்து நிற்கும் தெளிநீருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ரத்தத்தைக் குழாயில் எடுத்து அரைமணி நேரம் அசைக்காமல் வைத்தால், கட்டி ஒதுங்கி, வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் மேலே தெளியும். அதற்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் ஊநீர்; ‘ஊ’ என்றால் ஊன், தசை. சிலர் நிணநீர் என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு, லிம்ஃப்.

ஊநீரில் தேடுவது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை. ஈழத்து வழக்கில் பிறபொருளெதிரி. வைரஸோ, காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் ரத்தத்தில் பிடிபடும். ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் சில மாதங்கள் இருக்கும், ஐஜிஜி பல ஆண்டுகள் தங்கும். மாடு மேய்க்கவோ விறகு பொறுக்கவோ காட்டுக்குப் போய், காய்ச்சலில் விழுந்து, கஷாயம் குடித்தே எழுந்துவிட்டவர் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வரமாட்டார். அவரையும் கணக்கில் சேர்ப்பது இந்தச் சர்வேதான். அதனால் காய்ச்சல் கண்டவர்களை மட்டும் பிடித்துச் சோதித்தால் அது சர்வே ஆகாது. குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெங்கு வைரஸும் குரங்குக் காய்ச்சல் வைரஸும் ஒரே குடும்பம் என்பதால், டெங்கு வந்தவர் ரத்தமும் சோதனையில் ஏமாற்றக்கூடும். அப்புறம், அந்த எதிர்ப்பொருள் வைரஸைச் செயலிழக்க வைக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஊநீர் ஆய்வு’ பிழையில்லை, ஆனால் ஆய்வகத்தில் ஒருவருக்குச் செய்யும் சோதனைபோல ஒலிக்கிறது. ‘எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு’ என்பதே என் தேர்வு. எதை எண்ணுகிறார்கள், ஊர் முழுக்க எண்ணுகிறார்கள் என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன.

முடிவு ‘பாசிட்டிவ்’ என்றால் இப்போது நோய் இருக்கிறது என்று பொருளில்லை. ஐஜிஜி மட்டும் இருந்தால் எப்போதோ வந்துபோனது என்றுதான் பொருள். ஆதிவாசி ஊர்களில் ரத்தம் எடுக்கப் போகிறவர்கள் ஊசி போடும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டாரோடு புழங்க அக்கம்பக்கத்தில் பயப்படுவார்கள்.