சிவந்த கன்னத்துக்குச் சிவப்பு விளக்கா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "லேசாக வெயில் பட்டாலும், காரமாகச் சாப்பிட்டாலும், யாராவது கோபமாகப் பேசினாலும்கூட என் கன்னம் சிவந்து எரிகிறது. வீட்டிலேயே பயன்படுத்தும் சிவப்பு ஒளி முகமூடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே சிவந்திருக்கும் முகத்தில் சிவப்பு விளக்கை அடித்தால் இன்னும் சிவக்காதா?"

கடைசி வரியைப் படித்துச் சிலர் சிரிக்கலாம். எனக்கு அது நல்ல கேள்வியாகவே படுகிறது. சிவப்பு நிறத்துக்கும் தோல் நோய்க்கும் முடிச்சுப் போடும் வழக்கம் மிகப் பழையது. அறிவியலாளர்களும் அதற்கு விலக்கல்லர். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென் என்ற மருத்துவர், பெரியம்மை கண்டவர்களைச் சிவப்பு ஒளி மட்டும் நுழையும் அறையில் படுக்கவைத்தால் தழும்பு விழாது என்று 1893இல் சொன்னார். அது நிலைக்கவில்லை. அவரே பின்னர் செறிவூட்டிய ஒளியைப் பாய்ச்சித் தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்து, 1903இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். ஒரே மனிதர், இரண்டு ஒளிச் சிகிச்சைகள். ஒரு கருத்து தோற்றது, இன்னொன்று வென்றது. ஒளிச் சிகிச்சையைப் பற்றி எதைப் படித்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வாசகி முகமூடியை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். இருட்டறையில் கைபேசியின் டார்ச் விளக்கை எரியவிட்டு, அதன்மேல் விரல்களைச் சேர்த்து வையுங்கள். விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிரும். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளி. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. மறுபக்கம் வந்து சேர்ந்தது சிவப்பு மட்டும்தான். மற்ற நிறங்களைப் பெரும்பாலும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிட்டது.

இந்த விழுங்கல் படிப்படியாகக் குறைவதில்லை, மலைமுகட்டிலிருந்து விழுவதுபோல் விழுகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் 577 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை ஆவலோடு உறிஞ்சுகிறது. அங்கிருந்து வெறும் 53 நானோமீட்டர் தள்ளி, 630க்கு வந்தால் உறிஞ்சும் திறன் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. மருத்துவமனைகளில் விரிந்த ரத்தக்குழாய்களைச் சுட்டு மூடும் லேசர்கள் 585, 595 நானோமீட்டரில் இயங்குவது இதனால்தான்: ரத்தம் அந்த ஒளியை வாங்கிச் சூடாகி, குழாயைத் தானே கருக்கிவிட வேண்டும் என்பது கணக்கு. வீட்டு முகமூடியின் சிவப்போ 630 முதல் 660 வரை. ரத்தத்துக்கு அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி. ஆக, சிவப்பு ஒளி உங்கள் ரத்தத்தைச் சூடாக்கிக் கன்னத்தை மேலும் சிவக்கவைக்கும் என்ற அச்சம் வேண்டாம். முகமூடி மாட்டியிருக்கும்போது முகம் சிவப்பாகத் தெரிவது விளக்கின் நிறமே தவிரத் தோலின் நிறம் அல்ல.

ரத்தம் கண்டுகொள்ளாத ஒளியை அப்படியானால் யார் வாங்கிக்கொள்கிறார்கள்? இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, அது ஆற்றல் தயாரிக்கிறது என்பது பள்ளிப் பாடம். அந்தத் தயாரிப்பு வரிசையின் கடைசியில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி உட்கார்ந்திருக்கிறது. நாம் மூச்சில் இழுத்து உடல் பயன்படுத்திக்கொள்ளும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதி கடைசியில் போய்ச் சேர்வது இதனிடம்தான். ஆக்சிஜனைப் பிடித்து, எலக்ட்ரான்களைக் கொடுத்து, தண்ணீராக்கி அனுப்புகிறது. பிடிக்கும் இடத்தில் ஓர் இரும்பும் ஒரு செம்பும் எதிரெதிரே நிற்கின்றன. அந்த இடைவெளியில் ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறொரு சிறிய மூலக்கூறு புகுந்துகொண்டால் வேலை நின்றுபோகும். கார்பன் மோனாக்சைடு அப்படிப் புகும். நைட்ரிக் ஆக்சைடும் புகும்.

1920களின் பிற்பகுதியில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட் செல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கார்பன் மோனாக்சைடு நிறைந்த சூழலில் ஈஸ்ட் மூச்சுத் திணறியது. விளக்கைப் போட்டார், மூச்சு திரும்பியது. அணைத்தார், மறுபடி திணறியது. ஒளித்துகள் ஒன்று வந்து மோதியதும், இரும்பைப் பற்றிக்கொண்டிருந்த கார்பன் மோனாக்சைடு பிடியை விட்டுவிடுகிறது! வார்பர்க் அதோடு நிற்கவில்லை. எந்த நிறம் எவ்வளவு நன்றாகப் பிடியைத் தளர்த்துகிறது என்று நிறம் நிறமாக அளந்தார். அந்த அளவுகளைக் கொண்டே, அதுவரை யாரும் பிரித்தெடுத்திராத நொதியின் நிறமாலையை வரைந்துவிட்டார். பூட்டிய அறைக்குள் இருப்பவரின் முகத்தைச் சாவித்துவாரம் வழியாக வரைந்ததற்குச் சமம் இது. 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிர்வேதியியலில் இதைவிட அழகான சோதனை அதிகம் இல்லை என்பேன். இது என் சொந்த ரசனை, வாதத்துக்கு வர வேண்டாம்.

இன்றைய சிவப்பு விளக்குக்கான விளக்கம் அந்தச் சோதனையின் பேரப்பிள்ளை. 1967இல் ஹங்கேரியின் எண்ட்ரே மெஸ்டர், சவரம் செய்த எலிகளின் முதுகில் திறன் குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சியபோது, ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. ஏன் என்று தேடியவர்களில் முக்கியமானவர் டீனா கரு. ஒளியை வாங்குவது நாம் மேலே பார்த்த நொதிதான் என்று அவர் முன்வைத்தார். அழற்சியால் அவதிப்படும் செல்லில் நைட்ரிக் ஆக்சைடு மிகுந்து, நொதியின் வாயில் அடைத்துக்கொள்கிறது. சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி அதைத் தட்டிவிடுகிறது. செல் மீண்டும் மூச்சுவிட்டு, பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்குகிறது. அழற்சியைத் தூண்டும் வேதிச் செய்திகளும் குறைகின்றன.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இந்த நொதியே இல்லாதபடி உருவாக்கிய செல்களும் ஒளிக்கு வேகமாகப் பெருகியதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கதை இன்னும் முடியவில்லை. இன்னொரு குடைச்சலும் உண்டு. தட்டிவிடப்பட்ட நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயை விரியச் செய்யும் பொருள். அப்படியென்றால் முகமூடியைக் கழற்றியவுடன் சிறிது நேரம் லேசான சிவப்பு தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அரை மணியில் அடங்கினால் கவலை வேண்டாம். எரிச்சலோடு மறுநாள்வரை நீடித்தால் நிறுத்திவிடுங்கள். வாசகியின் பயம் முழுக்கத் தப்பில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எளிதில் சிவக்கும் முகத்துக்கு உண்மையான எதிரி ஒளியைவிட வெப்பம். தோலின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு வாயில் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸில் அது திறக்கும். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினும் அதே வாயிலைத்தான் திறக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 நோபலில் பங்கு பெற்றார். முகம் எளிதில் சிவந்து எரியும் ரோசேசியா என்ற நிலை உள்ளவர்களின் தோலில் இந்த வாயில்கள் கூடுதலாகவும் எளிதில் திறப்பவையாகவும் இருக்கின்றன. வெயிலும் காரமும் ஒன்றுபோல் முகத்தை எரியவைப்பது பிரமை இல்லை. ஆகவே நல்ல முகமூடி என்பது ஒளிர வேண்டும், கொதிக்கக் கூடாது. முகத்தில் இதமான சூடு தெரிந்தால் "வேலை செய்கிறது" என்று சிலர் மகிழ்கிறார்கள். உங்கள் வகைத் தோலுக்கு அந்தச் சூடுதான் கெடுதல். சூரியனிலும் சிவப்பு ஒளி இருக்கிறதே, சும்மா வெயிலில் உட்காரலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அங்கே வெப்பமும் புற ஊதாவும் சேர்ந்தே வரும்.

அளவுக்கு வருவோம். ஒளியும் மருந்துபோல் அளந்து தர வேண்டியது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 20 மில்லிவாட் விழும் விளக்கு 5 நிமிடத்தில் 6 ஜூல் கொடுக்கிறது; 20 நிமிடத்தில் 24 ஜூல். ஆய்வுக்கூடச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது என்னவென்றால், குறைந்த அளவு செல்லைத் தூண்டுகிறது, அதிக அளவு அதே செல்லைத் தடுக்கிறது. இரட்டிப்பு நேரம் போட்டால் இரட்டிப்புப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது. பெட்டியில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால், நீங்கள் 3 நிமிடத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். இரண்டு வாரம் தோல் முணுமுணுக்காமல் இருந்தால் மெல்ல ஏற்றலாம்.

பல முகமூடிகளில் நீலமும் ஒரு பொத்தானில் இருக்கும். 415 நானோமீட்டரை ஒட்டிய அந்த ஒளி முகப்பரு பாக்டீரியாவில் ஊறியிருக்கும், ஒளியை உறிஞ்சும் போர்ஃபிரின் என்ற பொருள்களைத் தாக்குவதற்கானது. உங்கள் பிரச்சினை பரு இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் நீல ஒளி கருமைத் திட்டுகளை உண்டாக்கக்கூடும். இப்படிப்பட்ட தோலில் கன்னச் சிவப்பே எளிதாகக் கண்ணில் படாது, எரிச்சலும் வெம்மையும்தான் முதலில் தெரியும் என்பதால் நோயைக் கண்டறிவதும் தாமதமாகிறது. தெளிவான கண்ணாடியால் கன்னத்தை அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்தால், அந்தச் சிவப்பு குழாய்க்குள் ஓடும் ரத்தத்தால் வந்தது.

முகமூடி மாட்டுவதற்கு முன் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்வேன், அதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. லூபஸ் என்ற நோயும் கன்னங்களில் பட்டாம்பூச்சி வடிவில் சிவப்பைத் தரும். அந்த நோயாளிகளுக்கு ஒளி ஆகாது. ரோசேசியாவுக்கே எழுதித் தரப்படும் டாக்ஸிசைக்ளின் தோலை ஒளிக்குக் கூச்சப்படவைக்கும் மருந்து. அது முக்கியமாகப் புற ஊதாவுக்கு என்றாலும், மருத்துவரிடம் சொல்லாமல் விளக்கையும் மாத்திரையையும் சேர்க்க வேண்டாம். கண்களை மூடி மறைத்துக்கொள்ளுங்கள். 2019இல் ஒரு பெரிய நிறுவனம், விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்று தன் ஒளி முகமூடியையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

இவ்வளவும் செய்தால் பலன் கிடைக்குமா? புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயில் வரும் புண்ணைத் தடுக்க இதே ஒளியை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன; அங்கே சான்று உறுதியானது. எளிதில் சிவக்கும் முகத்துக்குச் சான்று மெலிந்தது: சிறிய ஆய்வுகள், தனித்தனி நோயாளிகளின் பதிவுகள். எரிச்சல் தணிந்தது என்கிறார்கள். ஏற்கெனவே விரிந்து நூல் நூலாகத் தெரியும் குழாய்கள் இதனால் மறைவதில்லை, அதற்கு லேசர்தான். பெரிய ஆய்வுகள் குறைவாக இருப்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிவப்பு நிறத்துக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. ஆயிரம் பேரை வைத்துச் சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? பொதுப் பணத்தில்தான் நடக்க வேண்டும், அது நடப்பதில்லை. காலியாகக் கிடக்கும் அந்த இடத்தை "நச்சு நீக்கும் ஒளி", "குவாண்டம் ஒளி" என்ற விளம்பரங்கள் நிரப்பிக்கொள்கின்றன. ஒளித்துகளே குவாண்டம்தான் ஐயா, உங்கள் வீட்டு டியூப்லைட்டும் குவாண்டம் ஒளிதான்!

எனவே வாசகிக்கு என் யோசனை: நீங்களே ஓர் ஆய்வு நடத்துங்கள். முகமூடியின் உட்புறம் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி ஒட்டிவிடுங்கள். ஒளி ஒரு கன்னத்தில் மட்டும் படட்டும். சன்ஸ்கிரீன், களிம்பு எல்லாம் இரண்டு கன்னங்களுக்கும் ஒரேபோல். வாரம் ஒருமுறை, ஒரே ஜன்னலோரம், ஒரே நேரத்தில் இரு கன்னங்களையும் படம் எடுங்கள். எட்டு வாரம் கழித்து நீங்களே முடிவு சொல்லிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய கண் ஒருதலைப்பட்சமாகத்தான் பார்க்கும். எந்தக் கன்னத்தில் விளக்கு பட்டது என்று அறியாத ஒருவரிடம் படங்களைக் கொடுத்து, எது தெளிந்திருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை எனக்கும் எழுதுங்கள்.